பிராகோ குலுக்காத கை

சுஹும் ஊரில் ஒருவரைப் பகைத்துக்கொள்ள அடிக்கவோ திட்டவோ தேவையில்லை. சாவு வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்து, வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலது கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே போகும்போது, ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிட்டால் போதும். பேரன் பேத்தி காலம் வரைக்கும் அந்தப் பகை தாங்கும்.

தையல்காரி பிராகோ அந்தச் சனிக்கிழமை விட்டது சாதாரண ஆளை இல்லை. வரிசையின் முதல் நாற்காலியில், ஒரு குலத்துக்கே தலைவராக, கறுப்புத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெக்கோவை. அவர் கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிராகோ இரண்டாவது நாற்காலியிலிருந்து ஆரம்பித்து, ஒருவரையும் விடாமல், முகம் மலரக் கை கொடுத்துக்கொண்டே இடது கோடி வரை போய்விட்டாள். பின்னால் வந்த அவளுடைய தாய்மாமன் அம்போன்செம் பதறிப்போய்ப் பெக்கோவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதற்குள் பந்தலில் இருந்த இருநூறு பேரும் பார்த்துவிட்டார்கள். அந்த இருநூறு பேரில் பாதிப் பேருடைய துக்கத் துணியைத் தைத்துக் கொடுத்தவளும் பிராகோதான்.

விஷயம் அவளுக்கே சாப்பாட்டு வரிசையில்தான் தெரிந்தது. முன்னால் நின்ற மீன்காரி திரும்பி, "ஏன்டி, பெக்கோவுக்குக் கை குடுக்காம வந்துட்டியாமே, அவ்வளவு தைரியமா உனக்கு?" என்றாள். அந்த நாற்காலியில் ஆள் இருந்ததே பிராகோவுக்குத் தெரியாது. கறுப்புத் துணியோ கையோ எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டேன்," என்றாள். "அந்தக் கையைத் தொட்டா அப்புறம் நான் சோப்புப் போட்டுக் கழுவணும்."

மீன்காரி வாயைப் பிளந்தாள். சாயங்காலத்துக்குள் சோப்புக் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது.

"கண்ணில் படவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அந்த வார்த்தையை மட்டும் அவளால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கு இருபத்தொன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

பிராகோவின் அப்பா ஒஃபேய், கோக்கோ மூட்டை எடை போடும் இடத்தில் கிளார்க். சம்பாதித்து, ஐந்து அறை வைத்து, வாசலில் மூன்று படி வைத்து ஒரு வீடு கட்டினார். நாற்பத்தைந்து வயதில் கதவு நிலைகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அப்புறம் படிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டு இறங்கினார். அப்புறம் முழுக் குருடு. கடைசி நான்கு வருடமும் மனைவி செச்சிவா மூடி போட்ட கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து வைப்பாள். அவர் மேசைமேல் கையை வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணத்தைக் கண்டுபிடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிராகோவின் வேலை.

ஒஃபேயின் தங்கை நியார்கோவா ஒருநாள் முற்றத்தில் நின்றுகொண்டு, ஊரே கேட்கும்படி, செச்சிவா சூப்பில் மருந்து கலந்து அண்ணன் கண்ணை அவித்துவிட்டாள் என்றாள். எண்பத்துமூன்றாம் வருடம், காடெல்லாம் எரிந்து ஊர் பட்டினி கிடந்தபோது ஒஃபேய் செத்தார். ஓர் ஆளின் வீடு அவருடைய தங்கை மகனுக்குப் போவது இங்கே காலம் காலமாக இருக்கிற வழக்கம். நியார்கோவாவின் மகன் பெக்கோ வந்து வீட்டை எடுத்துக்கொண்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒரு விதவையையும் பதினாலு வயதுப் பெண்ணையும் நாற்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தெருவில் தள்ளுவது வழக்கம் இல்லை. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சூப்தான் அந்தக் காரணம். இரண்டு வருடம் கழித்து, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. அதற்குள் பெக்கோ கூரையையே மாற்றிவிட்டிருந்தார்.

செச்சிவா தன் அண்ணன் அம்போன்செம் வீட்டுப் பின்னறையில் இன்னும் பதினோரு வருடம் இருந்தாள். அவ்வளவு ருசியாகச் சமைக்கிற பெண்பிள்ளை, சமைத்த பண்டம் எதைக் கொண்டுபோய்ச் சந்தையில் வைத்தாலும் வாங்க ஆள் இல்லை. கடைசி வரைக்கும் உப்பும் தீப்பெட்டியும் விற்றாள். இதை நினைக்கும்போதெல்லாம் பிராகோவுக்குப் பல் நறநறக்கும். அப்பாவின் இடத்தை எடுத்துக்கொண்டவனை "அப்பா" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது முறை. அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று. ஏறக்குறைய அப்பாவுக்கு ஆரம்பித்த வயது. இவளுக்கும் கண் போகிறது என்று தெரிந்தால் இந்த ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்கு மனப்பாடம். செச்சிவாவின் பானை பெற்ற மகளையும் பிடித்துவிட்டது என்பார்கள். செத்தவளைத் தோண்டி எடுத்து இன்னொரு தடவை தெருவில் தள்ளுவார்கள். அதற்குக் கண்ணே போய்த் தொலையட்டும் என்றிருந்தாள்.

கண்ணும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தேவாலயக் கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை நடந்தது. பிராகோ சும்மா வேடிக்கைக்குத்தான் போனாள். மெஷின் விளக்கு இல்லாமலே ஒரே குத்தில் ஊசிக்கு நூல் கோக்கிறவளுக்குக் கண்ணில் என்ன குறை? நர்ஸ் அக்பெனே, ஹோ என்ற ஊர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தவள் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகு சிவப்பு மூடி போட்ட பேனா ஒன்றை எடுத்து, "என் மூக்கையே பாருங்க அக்கா. மூடி எப்போ தெரியுதோ அப்போ சொல்லுங்க," என்று பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தாள். வலது பக்கம் அந்த மூடி, மூக்குக்கு அருகில் வரும் வரைக்கும் தெரியவே இல்லை.

கிளாக்கோமா என்றாள் நர்ஸ். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும், வலிக்காது, நடுப்பார்வை கடைசியாகத்தான் போகும், அதனால்தான் நூல் கோக்க முடிகிறது என்று விளக்கினாள். போனது திரும்பாது; இருப்பதைக் காப்பாற்றலாம். இந்த நாட்டில் நாற்பதைத் தாண்டியவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, ஆனால் வருகிறவர்கள் எல்லாம் ஒரு கண் போன பிறகுதான் வருகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாள். அவள் முன்னால் இரண்டு பட்டியல் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் சீக்கிரம் முற்றும், அவர்கள் அந்த வாரமே கொஃபோரிடுவா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும்; அது முதல் பட்டியல். மற்றவர்களுக்கு முறை வர மாதக்கணக்காகும்.

"உங்க குடும்பத்துல யாராவது கண்ணு தெரியாம இருந்தாங்களா அக்கா?"

இந்த ஊரில் குடும்பம் என்றால் தாய் வழிதான். பிராகோ அம்மா, பாட்டி, பாட்டியின் அம்மா, மாமன்கள் எல்லாரையும் விரல் விட்டு எண்ணினாள். ஒருவருக்கும் கண்ணில் கோளாறு இல்லை. தொண்ணூறு வயதிலும் பயறில் கல் பொறுக்கியவர்கள் அவர்கள். ஆனால் அந்த நர்ஸ் விடுகிற ஆளாக இல்லை. அவள் ஊரில் குடும்பம் அப்பா வழி.

"அப்பா பக்கம்?"

"அவங்க எனக்கு யாரும் இல்ல சிஸ்டர். எழுதாதீங்க."

"இல்லக்கா, ரத்தம்னு பாத்தா..."

"யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

நர்ஸ் இரண்டாவது பட்டியலில் எழுதினாள். ஒரு புட்டி சொட்டு மருந்து கொடுத்து, தினமும் ராத்திரி போட வேண்டும், உயிருள்ளவரை போட வேண்டும் என்றாள். மருந்து கண்ணை எரித்தது, சிவப்பாக்கியது, பார்வையில் ஒரு நூலளவு மாற்றமும் இல்லை. சிவந்த கண்ணைப் பார்த்து வாடிக்கையாளர்கள் விசாரிக்க ஆரம்பித்ததும் புட்டியைத் தூக்கிப் பெட்டிக்கு அடியில் போட்டாள். டாக்டரைப் பார்க்கிற தேதி வந்தபோது கல்யாண சீசன். போகவில்லை.

இப்போது வலது கண்ணில் மிச்சம் இருப்பது கொஞ்சம் வெளிச்சம் மட்டும். இடது கண் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் தெளிவாகத் தெரிந்தது. வலது தோள்பட்டை முழுக்க நிலைப்படி இடித்த காயம். வலது பக்கத்திலிருந்து வணக்கம் சொன்னவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை என்று ஒரு வருடமாகவே ஊரில் பேச்சு இருந்தது. தையல்கடை நன்றாக ஓடுகிறது, அதனால் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிராகோவும் அந்தப் பெயரைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டாள். தலைக்கனம் பிடித்தவள் என்ற பெயரை வைத்துக்கொண்டு துணி தைக்கலாம். குருடி என்ற பெயரை வைத்துக்கொண்டு யார் துணி கொடுப்பார்கள்?

துக்க வீடு முடிந்த மூன்றாம் நாள் பெக்கோவின் குலத்திலிருந்து ஆள் வந்தது. பெரியவருக்குப் பொது இடத்தில் அவமரியாதை. வியாழக்கிழமை காலை வந்து பதில் சொல்ல வேண்டும். எங்கே வர வேண்டும்? பெக்கோ வீட்டு முற்றத்துக்கு. அதாவது ஒஃபேய் கட்டிய வீட்டுக்கு.

முந்தின நாள் அம்போன்செம் மாமா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. சண்டையெல்லாம் அலுத்துப்போன மனிதர்.

"உண்மையச் சொல்லும்மா. நிஜமாவே தெரிஞ்சுதான் விட்டியா?"

"தெரிஞ்சுதான் மாமா."

"எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு. நீ நடக்குறதப் பாத்தா ஒஃபேய் ஞாபகம் வருது."

"உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா," என்று எழுந்துகொண்டாள். போகும்போது அவர் வீட்டுத் தண்ணீர் டிரம்மில் இடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை. முற்றத்தில் எதிரும் புதிருமாக நாற்காலிகள். இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வாசலுக்குள் கால் வைத்தபோது பிராகோவுக்கு வந்தது ஆத்திரம். அப்பா கொட்டிய சிமெண்ட் தரையில் பெக்கோவின் ஆட்டுக்குட்டிகள் மூத்திரம் பெய்துகொண்டிருந்தன. இந்த முறை அவள் முகத்தை முழுசாகத் திருப்பி, வலது கோடி நாற்காலியை முதலில் தேடிக் கண்டுபிடித்தாள். அது காலியாக இருந்தது. பெக்கோ இன்னும் வெளியே வரவில்லை.

வந்தார். அகலமான மனிதர், ஐம்பத்துநாலு வயது, பூண் போட்ட கைத்தடி. வாசலில் ஒரு கணம் நின்று, பிறகு மூன்று படிகளையும் நிதானமாக இறங்கினார். இறங்கும்போது அவர் உதடு அசைந்தது. பிராகோ அதைப் பார்த்தாள். மனதில் எங்கேயோ ஓர் ஓரத்தில் அது உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை. அவர் எப்போதும்போல வரிசையின் கோடி நாற்காலியில் உட்கார்ந்தார். நாலைந்து வருடமாகவே எந்தச் சபையிலும் நடுவில் உட்காராமல், யார் காலையும் தாண்டிப் போக வேண்டியிராத அந்தக் கோடியில்தான் உட்காருவார். பெரிய மனுஷனின் பணிவு என்று ஊர் அதைப் பாராட்டியிருந்தது.

பெரியவர்களிடம் நேராகப் பேசுவது வழக்கம் இல்லை. இடையில் ஒருவர் நின்று, இந்தப் பக்கத்துப் பேச்சை வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பார். அவர் முதலில் குற்றத்தைச் சொன்னார். சோப்பையும் சேர்த்துச் சொன்னார். அம்போன்செம் எழுந்து நின்று, சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், என் நரைத்த தலையைப் பார்த்து விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். நாற்பத்துமூன்று வயதுச் சின்னப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெக்கோ இடைப்பேச்சுக்காரரைப் பார்த்துப் பேசினார். ஆனால் பேச்சு முழுவதும் அவளுக்குத்தான்.

"ஒண்ணே ஒண்ணு அவகிட்டக் கேளுங்க. கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடச் சொல்லுங்க. குருடிக்கு அபராதம் போடுற பழக்கம் எங்க குலத்துல இல்ல. அவங்கம்மா எங்க மாமாவுக்கு ஊத்தின சூப்புல மிச்சம் மீதிய இவளும் நக்கியிருப்பா, பாவம்."

அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். பிராகோ பக்கத்தில் நாலு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அம்போன்செம் கையைத் தூக்கித் தன் ஆட்களை அடக்கினார்.

பிராகோ எழுந்தாள். இடைப்பேச்சுக்காரர் வாங்கிச் சொல்வதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"என் கண்ணு நல்லாத் தெரியுது," என்றாள். "அன்னிக்கும் தெரிஞ்சுது. அபராதம் என்னன்னு சொல்லுங்க."

ஒரு ஆடு, ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம், எல்லார் முன்னாலும் மன்னிப்பு. அம்போன்செம் இதை எதிர்பார்த்து இரண்டையும் கொண்டுவந்திருந்தார். ஆட்டை ஓர் ஆள் இழுத்துக்கொண்டு போனான். புட்டியைக் குற்றம் செய்தவளே தன் கையால் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

புட்டியை வாங்கிக்கொண்டு பிராகோ முற்றத்தைக் கடந்தாள். பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் அவள் மனதில் ஓடியதெல்லாம், எந்தக் கணத்திலும் ஆட்டுக்கயிறு தடுக்கி விழக் கூடாது என்பதுதான். பெக்கோவின் முன்னால் நின்று, வலது கையில் புட்டியைப் பிடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, மரியாதையாகவே நீட்டினாள்.

பெக்கோவும் கையை நீட்டினார். கை புட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

காக்க வைக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் ஆட்களில் ஒருவன் ரசித்துத் தொடையைத் தட்டினான். பிராகோவும் முதலில் அப்படித்தான் நினைத்து, புட்டியை அவர் கைப்பக்கம் நகர்த்தப் போனாள். அப்போதுதான் அந்தக் கை காற்றில் மெதுவாக வட்டம் போட ஆரம்பித்ததைக் கண்டாள்.

அந்த வட்டம் அவளுக்குத் தெரியும். நான்கு வருடம் தினமும் ராத்திரி மேசையோரம் உட்கார்ந்து பார்த்த வட்டம். படி இறங்கும்போது அசைந்த உதடும் தெரியும். இரண்டும் அப்பாவுடையவை என்பது இப்போது சந்தேகமில்லாமல் பிடிபட்டது. பெக்கோவின் கண்கள் நேராக அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் புட்டியை மெல்ல அவருடைய இடது பக்கமாக, காதுக்கு நேராக நகர்த்தினாள். புட்டியின் தங்க நிற மூடி வெயிலில் மின்னியது. பிறகு வலது பக்கம் கொண்டுபோனாள். நர்ஸ் பேனா மூடியை நகர்த்திய அதே வேகம். அந்தக் கண்கள் நெற்றியை விட்டு அசையவில்லை.

"புட்டி எங்க இருக்கு, சொல்லுங்க," என்றாள்.

"கையில குடுடி."

"குடுக்குறேன். எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

தொடையைத் தட்டியவன் நிறுத்திவிட்டான். பெக்கோவின் கை காற்றிலேயே நின்றது. அதை இறக்குவதா, தேடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. முற்றத்தில் எல்லாரும் புட்டியையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கோழிகூடக் கொக்கரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

பிராகோவின் வாய்க்குள் இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்த வார்த்தை. அதை வெளியே விட்டால் கடை போகும். ஊசியும் நூலும் சேர்த்துக் கொடுத்த மரியாதை போகும். ஆனால் விடாமல் இருந்தால், இந்த மனிதனைப் பிடிக்க வேறு கயிறு அவளிடம் இல்லை.

"நான் பொய் சொன்னேன்," என்றாள், தன் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்து. "என் வலது கண்ணு போயிடுச்சு. அன்னிக்கு இவரு அங்க உக்காந்திருந்ததே எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்கு வந்த அதே நோவு. இது ரத்தத்துல வருதுன்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்கு எங்கப்பன் குடுத்தது."

அம்போன்செம் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பெக்கோ பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு யாரு குடுத்தது? உங்க அம்மா ஆறு வருஷம் உள்ளறைய விட்டு வெளிய வரலியே, முழங்கால் வலின்னு சொன்னீங்களே. அது முழங்காலா?"

பதில் சொன்னது பெக்கோ பக்கத்தில் மூன்றாவது நாற்காலியில் இருந்த ஒரு கிழவர். யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நியார்கோவாவுக்குக் கடைசில ஊட்டித்தான் விட்டோம். தட்டு எங்க இருக்குன்னு தெரியாது அவளுக்கு."

"வாய மூடு," என்றார் பெக்கோ. ஆனால் குரல் எந்தத் திசைக்கு என்று அவருக்கே நிச்சயமில்லை. கிழவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

பிராகோ குனிந்து, காற்றில் நின்ற அந்தக் கையைப் பிடித்தாள். புட்டியை அதில் வைத்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி, நழுவாமல் அழுத்தினாள். அப்பாவின் கையில் கிண்ணத்தை அப்படித்தான் வைப்பாள். பிறகு, பிறந்ததிலிருந்து அந்த மனிதனை அழைக்காத பெயரால் அழைத்தாள். முறைப்படி அழைத்தாள்.

"எங்கம்மா உங்களுக்கு எந்த நாள் சூப் ஊத்தினா, அப்பா?"

யாரும் அந்தக் கேள்வியை வாங்கி அவரிடம் கொடுக்கவில்லை. இடைப்பேச்சுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெக்கோவின் மடியில் புட்டி இருந்தது. செச்சிவா அந்த வீட்டில் இருந்த காலத்திலும் சரி, பிறகும் சரி, அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை என்று அவர் ஊர் முழுக்கப் பெருமை பேசியவர்தான். முற்றத்தில் இருந்த ஒவ்வொருவரும் அதை அவர் வாயாலேயே கேட்டிருந்தார்கள்.

பிராகோ திரும்பி நடந்தாள். மன்னிப்பு கேட்கவில்லை, யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. வெளியே போகும்போது வலது தோள் வாசல் தூணில் இடித்தது. இந்த முறை தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, எல்லாரும் பார்க்க, நின்று நிதானமாகப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை கொஃபோரிடுவாவில், கண் பிரிவின் மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு அக்பெனே அவளை உள்ளே கூப்பிட்டாள். பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்ததும் நர்ஸின் முகம் கடுகடுத்தது. எத்தனை மாதம் மருந்து போடவில்லை, ஏன் வரவில்லை என்று திட்ட ஆரம்பித்தாள். பிராகோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வலது கண்ணுக்கு இனி செய்ய ஒன்றும் இல்லை. இடது கண்ணில் மிச்சம் இருப்பதை டாக்டர் இன்றைக்கே பார்ப்பார். அறுவை சிகிச்சைகூட வேண்டியிருக்கலாம். முன்னமே முதல் பட்டியலில் வந்திருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸ், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இங்க குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு எழுதியிருக்கே."

"அடிச்சுட்டு எழுதுங்க சிஸ்டர். எங்கப்பா ஒஃபேய். எங்கப்பாவோட தங்கச்சி நியார்கோவா. அவ மகன் பெக்கோ, உயிரோடதான் இருக்கான், சுஹும்ல. நீங்களே ஆள் அனுப்பிக் கூப்பிடுங்க, நான் கூப்பிட மாட்டேன்."

நர்ஸ் எழுதினாள். எழுதிக்கொண்டே, அவர்கள் உங்களுக்கு யாரும் இல்லை என்று அன்றைக்குச் சொன்னீர்களே என்றாள்.

"இப்பவும் யாரும் இல்லதான்," என்றாள் பிராகோ. "எழுதுங்க."